மாற்றிச் சொருகிய ஒயர்

சகாபுதீன் கடையில் ஸ்பீக்கர் கேட்க வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளறைக்குப் போக வேண்டும். இதில் பக்தி எதுவும் இல்லை. தரையில் ஜமுக்காளம் விரித்திருப்பார். கரிசல் மண் ஒட்டிய செருப்போடு ஏறினால் துவைத்து மாளாது. ஆனால் செருப்பைக் கழற்றியதும் ஆட்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவர் அதைத் திட்டமிடவில்லை. நடந்தபோது வேண்டாமென்றும் சொல்லவில்லை.

அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கடை. முன்பக்கம் ஒடுங்கிய ஓர் அறை. பின்பக்கம், ஒரு காலத்தில் நூல் மூட்டை அடுக்கியிருந்த கிட்டங்கி. குவைத்தில் ஓர் ஆடியோ ஷோரூமில் பெட்டி தூக்குகிறவராகச் சேர்ந்து, பிறகு ஒயர் மாட்டுகிறவராக ஆகி, ஊர் திரும்பியவர் அந்தக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்தார். எதிரொலி அடங்குவதற்காகச் சுவரெங்கும் பழைய பஞ்சு மெத்தைகளை ஆணியடித்து மாட்டினார். கூரைக்கு அடியில் தறிக்காரர்களிடம் வாங்கிய கழிவுத் துணியைக் கட்டினார். பார்க்க லட்சணமாக இல்லை. மழை பெய்கிற அபூர்வமான நாட்களில் மெத்தை வாடை அடிக்கும். பெரிய ஊர் ஷோரூம்களைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு உட்கார்ந்து கேட்டார்கள்.

அவரை நிபுணர் என்று சொல்ல மாட்டேன். ஆம்பிளிஃபயர் பழுதானால் மதுரைக்குத்தான் அனுப்புவார். ராகம் எதுவும் தெரியாது. ஒரே ஒரு பழக்கம்தான் மற்ற கடைக்காரர்களிடமிருந்து அவரைப் பிரித்தது. இரண்டு ஜோடிப் பெட்டிகளை மாட்டி, ஒன்றைவிட ஒன்று உரத்து ஒலிக்காதபடி சத்தத்தைச் சமன்செய்து, எந்த சுவிட்ச் எந்தப் பெட்டிக்கு என்று காட்டிவிட்டு, அறையை விட்டு வெளியேறிக் கதவைச் சாத்திவிடுவார்.

"ஏன் பாய், நீங்களும் இருங்களேன்" என்பார்கள்.

"நான் இருந்தா நீங்க என் மூஞ்சியைப் பாப்பீக. அப்புறம் உங்க காது என் மூஞ்சிக்குத் தலையாட்டும். தனியாக் கேளுங்க. பிடிக்கலையா, செருப்பை மாட்டிக்கிட்டுப் போய்க்கிட்டே இருங்க."

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்கள், பருத்தி விதைத்து, நல்ல விலை கிடைத்த வருஷங்களில் வந்த சம்சாரிகள், வாத்தியார்கள், ஜவுளிக்கடைக்காரர்கள் என்று பலரும் வந்தார்கள். தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே கேசட்டிலும், பிறகு சிடியிலும், அதற்குப் பிறகு பென்டிரைவிலும் கொண்டுவந்தார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு மனிதன் தன் காதோடு தனியாக இருந்து ஒரு முடிவுக்கு வருவான். பொருள் எத்தனை சாதாரணமாக இருந்தாலும், அந்த முடிவு அவனுடையது. சகாபுதீன் விற்றதில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்கு அவர் பில் போட்டதில்லை.

பிறகு எல்லாம் போனுக்குள் வந்தது. ஆட்கள் வருவது நின்றுவிடவில்லை என்பதுதான் இதில் விசித்திரம். வந்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், நிதானமாகக் கேட்டார்கள், "யோசிச்சுட்டு வாரேன் பாய்" என்று போனார்கள். பெட்டி கூரியரில் அவர்கள் வீட்டுக்கு வந்தது. மதுரையில் அவருக்குச் சரக்குக் கொடுத்துக்கொண்டிருந்த கடை மொபைல் கடையானது. கேட்டுப் பார்ப்பதற்கென்று கம்பெனிகள் அனுப்பும் மாதிரிப் பெட்டிகள் வரவில்லை. முன்னறையில் போன் உறைகளும் சார்ஜர்களும் தொங்கத் தொடங்கின. அவற்றை அவர் மனைவி ஷர்மிளா பானு விற்றார். வீட்டுச் செலவு அதில்தான் ஓடியது.

எம்.ரெட்டியபட்டியைச் சேர்ந்த சுந்தரபாண்டி நூல்மில்லில் வேலை பார்க்கிறவன். அவனும் வந்தான். ஒரு கறுப்புப் பெட்டி ஜோடியைத் திரும்பத் திரும்ப வந்து கேட்டான். பிறகு ஆளைக் காணோம். ஒருநாள் போன் செய்தான்.

"பாய், பெட்டி வந்துருச்சு. பின்னாடி செவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணுன்னு ரெண்டு ரெண்டு முனை இருக்கு. ஒயரை எது எதுல மாட்டணும்?"

எங்கே வாங்கினாய் என்று சகாபுதீன் கேட்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். செவப்பு முனைக்குச் செவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் மாறிவிட்டால் ஒரு பெட்டி காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். கனமான சத்தமெல்லாம் நடுவிலேயே கரைந்துபோகும். "ரொம்ப தேங்க்ஸ் பாய்" என்றான் அவன், உள்ளன்போடு.

கேட்டுக்கொண்டிருந்த ஷர்மிளா பானு சொன்னார்: "வாசல்ல ஒரு போர்டு மாட்டிருங்க. இங்க கேளுங்க, எங்கிட்டாவது வாங்கிக்குங்க, மாட்டத் தெரியலைன்னா போன் போடுங்கன்னு."

அவர் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதே ரெட்டியபட்டியிலிருந்துதான் பாண்டீஸ்வரன் வந்தான். சொந்தமாக ஜேசிபி வைத்திருக்கிறவன். வெயிலில் கறுத்த பெரிய உடம்பு, உரத்த குரல். வந்ததும் வராததுமாகப் போனைத் திருப்பிக் காட்டினான். அதில் சுந்தரபாண்டி வாங்கிய அதே கறுப்புப் பெட்டி.

"சுந்தரபாண்டி வீட்ல கேட்டேன் பாய். நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் நம்ம பாய் ரூம்ல ஒருவாட்டி கேட்டுட்டு ஆர்டரைத் தட்டி விட்ருவோம்னு வந்தேன்."

அதில் கள்ளம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவன் வாயைத் திறந்து காட்டுவதுபோல் சொன்னான். ஒளித்துச் சொல்லியிருந்தால் சகாபுதீனுக்கு இத்தனை வலித்திருக்காது.

"என்ன பாட்டு கொண்டாந்திருக்கீக?"

"பாட்டா? எங்க ஊர்ப் பொங்கலுக்கு வந்த நையாண்டி மேளம். பக்கத்துல நின்னு ரெக்கார்டு பண்ணது. உறுமி உறுமணும் பாய். மத்ததெல்லாம் எப்படியும் இருந்துட்டுப் போகட்டும்."

சகாபுதீன் இரண்டு ஜோடிகளை வைத்தார். ஒன்று அந்தக் கறுப்புப் பெட்டி. மற்றது கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் செய்து வரும் தேக்கு நிறப் பெட்டி. போனில் கிடைக்காது; சுற்றுவட்டாரத்தில் அவரிடம் மட்டும்தான் உண்டு. மோசமில்லை. கறுப்பைவிட உயர்ந்தது என்றும் சொல்ல முடியாது.

கறுப்புப் பெட்டிகளின் பின்னால் குனிந்தவர், ஒன்றில் மட்டும் சிவப்பு ஒயரைக் கறுப்பு முனையிலும் கறுப்பு ஒயரைச் சிவப்பு முனையிலும் மாட்டினார். கை தானாகச் செய்துவிட்டது என்று பின்னால் தன்னிடமே சொல்லிப் பார்த்தார். அந்தச் சமாதானம் எடுபடவில்லை. அந்தத் திருகைத் தளர்த்த வேண்டும், ஒயரை உருவ வேண்டும், முறுக்கிச் செலுத்த வேண்டும், மறுபடி இறுக்க வேண்டும். யோசிப்பதற்கு அதில் எத்தனையோ இடம் இருந்தது. யோசித்துத்தான் செய்தார்.

எழுந்து, சத்தத்தைச் சமன்செய்தார். சுவிட்சைக் காட்டினார். வழக்கம்போல வெளியே வந்து கதவைச் சாத்தினார். வழக்கமாக முன்னறைக்குப் போய் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். அன்று கதவோரமே நின்றார். உள்ளே மேளம் மாறி மாறிக் கேட்டது. ஒருமுறை உறுமி கதவையே அதிரவைத்தது. ஒருமுறை தகர டின்னைத் தேய்ப்பதுபோல் வெளிறிப் போனது.

பாண்டீஸ்வரன் வெளியே வந்தபோது முகமெல்லாம் வியப்பு.

"என்னா பாய் இது! கறுப்புல உறுமியே இல்ல. அன்னைக்கு அவன் வீட்ல நல்லாருந்த மாதிரி இருந்துச்சே."

"ஓட்டு வீடு. சத்தமா வச்சிருப்பாரு" என்றார் சகாபுதீன்.

"அதேதான். சத்தத்துல மயங்கிட்டேன். இங்க வந்து கேட்டாத்தானே உண்மை தெரியுது."

தன் சொந்தக் காது ஏற்கெனவே சரியாகச் சொன்னதை அவன் அந்த அறையை நம்பித் தள்ளிவைத்தான். தேக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டான். அடுத்த நாள் சகாபுதீன் ரெட்டியபட்டிக்கே போய், ஒயர்களைச் சரியாக மாட்டி, வைத்துக்கொடுத்து வந்தார். பாண்டீஸ்வரனின் மனைவி தங்கலட்சுமி காபி கொடுத்தாள். உறுமி அந்த வீட்டில் நன்றாகவே கேட்டது.

வெட்கம் உடனே வரவில்லை. முதலில் ஒரு நிம்மதி இருந்தது. நெடுநாள் கழித்து உள்ளறையிலிருந்து ஒரு பெட்டி போன நிம்மதி. பிறகு வேறொருவர் வந்து கேட்க உட்கார்ந்தபோது, கதவைச் சாத்திவிட்டு வந்தவர் மறுபடி உள்ளே போய் ஒயர்களைத் தொட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தன. வெளியே வந்தார். மறுபடியும் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று புரிந்தது. மனைவியிடம் சொன்னார்.

ஷர்மிளா பானு சார்ஜர்களைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "அவரு மட்டும் நம்ம ரூம்ல ஓசியாக் கேட்டுட்டுப் போன்ல வாங்கலாமாக்கும்? அவரு வாங்குன பெட்டியும் நல்ல பெட்டிதானே. யாருக்கு என்ன நட்டம்?" என்றார்.

பாண்டீஸ்வரனுக்கு நல்ல பெட்டி கிடைத்தது. கடைக்கு வியாபாரம் கிடைத்தது. நட்டம் எங்கே என்று விரல் வைத்துக் காட்ட அவரால் முடியவில்லை. ஷர்மிளா பானுவே வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எங்க அத்தா அரிசிக்கடை வச்சிருந்தப்ப தராசுத் தட்டுக்கிட்ட கையைக் கொண்டுபோகவே விடமாட்டாக" என்றார்.

நட்டம் யாருக்கு என்பது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது. சுந்தரபாண்டி தன் கறுப்புப் பெட்டிகளைப் பழைய போர்வையில் சுற்றி அணைத்துக்கொண்டு வந்திருந்தான். கடைக்குள் வரவில்லை. எதிர்ச் சாரியில் நின்றான். சகாபுதீன்தான் போய்க் கூப்பிட்டார்.

"வரக் கூச்சமா இருந்துச்சு பாய். உங்ககிட்ட உக்காந்து கேட்டுட்டுப் போன்ல வாங்குனவன் நான். அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கிறேன்."

"என்னாச்சு?"

"நம்ம பாண்டீஸ்வரன்தான், டீக்கடையில வச்சு மானத்தை வாங்குறான். ‘ஏலே, உன் பெட்டியில உறுமி அடிச்சா ஓணான் தொண்டையைச் செருமுன மாதிரி இருக்குலே, நான் பாய் ரூம்லயே கேட்டுப் பாத்துட்டேன்’ங்கிறான். எல்லாவனும் சிரிக்கிறான். வீட்ல ரேணுகாதேவி, ‘ஓவர்டைம் பாத்த காசையெல்லாம் தகரத்துல போட்டீகளா’ன்னு கேக்குறா. முன்னாடி எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு பாய். மில்லுல நாள்பூரா எரைச்சல். வீட்டுக்கு வந்து இதைக் கேட்டாத்தான் காது கழுவுன மாதிரி இருக்கும். இப்பப் போட்டு உக்காந்தா பாட்டு கேக்கல, பாண்டி மூஞ்சிதான் தெரியுது. கெட்டுப்போச்சா, மொதல்ல இருந்தே இப்பிடித்தானான்னு சொல்லுங்க. வித்துரலாம்னு இருக்கேன்."

சகாபுதீன் பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தார். ஒயர்களை மாட்டினார். அவர் வெளியே போக எழுந்தபோது சுந்தரபாண்டி கையைப் பிடித்துக்கொண்டான். "போகாதீக பாய். தனியாக் கேக்கப் பயமா இருக்கு."

இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள். பெட்டி சுத்தமாக இருந்தது.

"ஒரு கொறையும் இல்ல. நல்ல பெட்டி" என்றார் சகாபுதீன்.

"அப்ப பாண்டி இங்க கேட்டது?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவன் முகம் அத்தனை அருகில் இருந்தது. சகாபுதீன், "அன்னைக்கு ஏதோ கனெக்‌ஷன் கோளாறா இருந்திருக்கும்" என்றார். பொய்யில் பாதி உண்மை இருந்தது. அதனால் அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

சுந்தரபாண்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "கோளாறு பெட்டியில இல்ல பாய், அவன் காதுல! காது செவிடன்கிட்டப் போயி நான் பேச்சு வாங்கியிருக்கேன். நாளைக்கு டீக்கடையில வச்சு அவனை நான் பாத்துக்கிறேன்." போர்வையில் பெட்டிகளைச் சுற்றி, உற்சாகமாக ஆட்டோ ஏறிப் போனான்.

சகாபுதீன் உள்ளறையில் தனியாக நின்றார். இத்தனை நாளும் அவர் தேடிய நட்டம் இப்போது தெளிவாகத் தெரிந்தது. ஒருவனின் காதைச் சந்தேகிக்க வைத்துத் தன் பெட்டியை விற்றிருந்தார். அவன் போய் இன்னொருவனின் காதைச் சந்தேகிக்க வைத்தான். இப்போது அவர் சொன்ன பொய்யால் முதல் ஆளின் காது ஊர் நடுவில் சிரிப்பாகப் போகிறது. பொருள் கெட்டால் மாற்றிக் கொடுக்கலாம். ஒரு மனிதனுக்குத் தன் புலன்மேல் இருக்கும் நம்பிக்கையை எந்தக் கடையில் மாற்றிக் கொடுப்பது? கடையை மூட வேண்டி வந்தாலும் வரட்டும், நாளைக் காலை டீக்கடை கூடுவதற்குள் பாண்டீஸ்வரன் இதைத் தன் வாயால் கேட்க வேண்டும். ஷர்மிளா பானுவிடம் சொன்னார். அவர் தடுக்கவில்லை. "பஸ்ஸு நிக்குமான்னு பாத்துட்டுப் போங்க" என்றார்.

ரெட்டியபட்டியில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜேசிபி வீட்டு முன்னால் நின்றது. பாண்டீஸ்வரன் கைகால் கழுவிக்கொண்டிருந்தான்.

"அடடே, பாய்! வாங்க வாங்க. ஏய் தங்கம், பாய் வந்திருக்காக, காபி போடு."

"காபி வேணாம். ஒரு விசயம் சொல்லணும்." நின்றபடியே சொன்னார். வழியெல்லாம் யோசித்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "அன்னைக்கு நீங்க கேட்டப்ப கறுப்புப் பெட்டியில ஒரு ஒயரை நான் மாத்திச் சொருகியிருந்தேன். வேணும்னுதான் செஞ்சேன். நீங்க போன்ல வாங்கிறக் கூடாதுன்னு. உறுமி போனதுக்குக் காரணம் பெட்டி இல்ல, நான்."

பாண்டீஸ்வரன் அவரைப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"சுந்தரபாண்டி வந்து அழுதானாக்கும்? பெட்டியைத் தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போனதைப் பாத்தேன். அவன் மனசு நோகக் கூடாதுன்னு நீங்க பழியைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு வந்துட்டீக. பாருடி தங்கம், மனுசன்னா இவுகதான். யாவாரியில இப்பிடி ஒரு ஆளைக் காட்டு பாப்போம்."

தங்கலட்சுமி அடுக்களை வாசலிலிருந்து அவரை மரியாதையோடு பார்த்தாள். வாழ்நாளில் சகாபுதீன் வாங்கிய புகழிலேயே பெரியது அதுதான். இந்த இடத்தில் அவர் திரும்பிப் போயிருக்கலாம். சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர்கள் பாடு என்று. அப்படிப் போகிறவர்களை நான் அறிவேன்.

"மேளத்தைப் போடுங்க" என்றார்.

கூடத்தில் உறுமி எழுந்தது. தேக்குப் பெட்டியின் பின்னால் போய்க் குனிந்தார். கடையில் இருட்டு மூலையில் செய்ததை, கணவனும் மனைவியும் பார்க்க, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகச் செய்தார். தளர்த்தினார், உருவினார், மாற்றிச் செலுத்தினார், இறுக்கினார். நாயனமும் தவிலும் அப்படியே இருக்க, உறுமி மட்டும் யாரோ வாயைப் பொத்தியதுபோல் வெளிறிப் போனது.

பாண்டீஸ்வரன் சிரிப்பு நின்றது. எழுந்து பெட்டிக்கு அருகில் போனான். காதை வைத்தான். விலகி நின்று கேட்டான். அன்றைக்குக் கேட்ட அதே சத்தம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இதையா செஞ்சீக?"

"ஆமா."

"செஞ்சுட்டு, கதவைச் சாத்திட்டு வெளிய நின்னீக."

"ஆமா."

தங்கலட்சுமிதான் அடுத்துப் பேசினாள். குரலில் கோபம் இல்லை. "போன்ல எவன் ஏமாத்துவானோன்னுதான் இவுக உங்ககிட்ட வந்தாக."

சகாபுதீன் தலையைக் குனிந்துகொண்டார். "பெட்டியைத் திரும்ப எடுத்துக்கிறேன். குடுத்ததைக் குடுத்துர்றேன்."

"பெட்டிக்கென்ன பாய், பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றான் பாண்டீஸ்வரன். மேளத்தை நிறுத்தினான். "அவனைப் பாத்து ஊர்ச் சனம் பூராச் சிரிக்க வச்சேனே. சின்னப்பிள்ளையிலருந்து கூடத் திரியிறவன். அதை எங்கிட்டுக் கொண்டுபோய்க் குடுக்க?"

சகாபுதீன் மறுபடி பெட்டியின் பின்னால் குனிந்தார், ஒயரைச் சரியாக்குவதற்கு.

"இருக்கட்டும். தள்ளுங்க. நானே மாட்டிக்கிறேன்."

பாண்டீஸ்வரன் தரையில் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தை அடித்து, அந்தப் பெரிய விரல்களால் திருகோடு மல்லுக்கட்டினான். எது எதில் என்று கேட்கவில்லை. மற்ற பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அதேபோல் மாட்டினான். சகாபுதீன் சுவரோரம் சும்மா நின்றார். உதவி செய்ய ஒரு அடி வைத்தவர், வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

மாட்டி முடித்ததும் அவன் போனைக் காதில் வைத்தான். "ஏலே, வீட்டுக்கு வா... இப்பவே வா. பாய் வந்திருக்காரு... சண்டைக்கில்லலே, வா. இல்ல, நான் சொல்ல மாட்டேன். அவரே சொல்லுவாரு."

தங்கலட்சுமி காபியைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. கடைசிக்கு முந்தின பஸ் ரோட்டில் நின்று போவது கேட்டது. சற்று நேரத்தில் தெரு முனையில் ஒரு பைக் திரும்பியது. சுந்தரபாண்டி உள்ளே வந்து உட்கார்ந்து, சிரித்து, "என்னா பாய், இவன்கிட்டயும் சொல்லிட்டீகளா?" என்று நன்றியோடு தொடங்கிவிடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். சகாபுதீன் சுவரை விட்டு நகர்ந்து வாசலுக்குப் போனார்.